காவலனுக்கு இரண்டு வலது கை

எங்களிடம் கருத்துக் கேட்கப் போவதாகத் தலைமையகம் அறிவித்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஏற்கெனவே முடிவு எடுத்துவிடாத எவனும் இவ்வளவு மரியாதையாகக் கருத்துக் கேட்பதில்லை.

விஷயம் ஒரு விளையாட்டைப் பற்றியது. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன். விளையாட்டுக்குப் பாழ்கோட்டை என்று பெயர். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. ஒருத்தர் கதையை நடத்துவார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். "கதவை உடைக்கிறேன்" என்று நீங்கள் வாயால் சொன்னால் போதும். உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். எண் பெரிதாக விழுந்தால் கதவு உடையும், சிறிதாக விழுந்தால் உங்கள் தோள்பட்டை உடையும். அவ்வளவுதான் சட்டம். அவ்வளவையும் இருநூறு பக்கத்துக்கு இழுத்துப் புத்தகமாகப் போட்டு விற்றவர்கள்தான் தலைமையகம்.

எங்களிடம் இருப்பது முதல் பதிப்பு. அட்டை போய், முதுகு பிய்ந்து, தையல்காரம்மா ஜீன்ஸ் தைக்கும் நூலால் தைத்துக் கொடுத்த பிறகு இன்னும் பத்து ஆட்சியைத் தாங்கும்போல ஆகிவிட்டது. ஆடுவதும் அந்த அம்மாவின் கடையில்தான், துணி வெட்டும் மேசை மேல், கடைக்கு விடுமுறை விடும் நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அந்த மேசைக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. துணி வழுக்கி வழுக்கிப் பலகையும் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அதனால் பகடை அடிக்கடி உருண்டு தரையில் விழும். கீழே நூல் துண்டும் ஊக்கும் சாக்பீஸ் துண்டும் கிடக்கும்.

அதற்காக எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பகடை விழுந்த நொடியில் எல்லோரும் இரண்டு காலையும் தூக்கிவிட வேண்டும். யார் காலும் அதன் மேல் படக்கூடாது. கதை நடத்துகிறவர் மட்டும் இறங்கி, பகடையைத் தொடாமல், மேல்முகத்தில் இருக்கும் எண்ணை வாய்விட்டுப் படிப்பார். படித்த பிறகுதான் காலை இறக்கலாம். விழுந்தது விழுந்ததுதான். இது எந்தப் பதிப்பிலும் கிடையாது. எங்கள் மேசையில் மட்டும் உண்டு.

கதை நடத்துகிறவன் என் மச்சினன், என் பெண்டாட்டியின் தம்பி. குடிநீர் அலுவலகத்தில் புகார் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருகிறவன். வாரம் முழுக்க ஊரார் குழாயில் வராத தண்ணீருக்கெல்லாம் திட்டு வாங்கிவிட்டு, ஒரு மதியம் மட்டும் எங்களைப் பூதத்திடம் மாட்டிவிட்டு அதற்கும் திட்டு வாங்குவான். தையல்காரம்மா சூனியக்காரி. மருந்துக்கடைக்காரர் திருடன். நிஜத்தில் டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்தைக்கூடக் கண்ணில் காட்டமாட்டார். நான் கோட்டை வாசல் காவலன். ஒற்றைக்கைக் காவலன்.

அந்தக் கை போனது சும்மா போகவில்லை. வாசல் சங்கிலியை இழுத்துப் பிடித்து நிற்கிறேன், வெளியே மிருகம் முட்டுகிறது, உள்ளே சூனியக்காரியும் திருடனும் தப்பி ஓட வேண்டும். உருட்டினேன். பகடை மேசையைத் தாண்டி, தரையில் துள்ளி, தையல் மெஷின் பெடலுக்கு அடியில் போய் நின்றது. எல்லோர் காலும் மேலே. மச்சினன் தரையில் நெடுஞ்சாண்கிடையாகப் படுத்து, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எட்டிப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு டார்ச்சை எடுத்துவிட்டுச் சொன்னான்.

"மாமா... ஒண்ணு."

அவன் ஒன்பது என்று சொல்லியிருந்தால் எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. சொல்லவில்லை. காவலனின் இடது கை சங்கிலியோடு போனது. அன்றைக்கு இந்த உலகத்தில் நான் நம்புகிற ஆட்களின் எண்ணிக்கையில் ஒன்று கூடியது. கூடியும் மொத்தம் ஒன்றுதான்.

சரி, தலைமையகத்துக்கு வருவோம். மூன்றாம் பதிப்பு வரப்போகிறதாம். நீண்டகால ஆட்டக்காரர்கள் அதை ஏற்பார்களா என்று அறியக் கருத்துக் கேட்பு விழாவாம்.

"கருத்துக் கேக்கவா விழா எடுக்கிறாங்க?" என்றார் தையல்காரம்மா, வாயில் ஊசியோடு. "மைக் அவங்க கையில இருந்தா நாம சொல்றது அவங்களுக்கு எப்படிக் கேக்கும்?"

"போய்த்தான் பாப்போமே அக்கா," என்றான் மச்சினன். "நம்மளையும் மனுஷன்னு மதிச்சு ஒருத்தன் கூப்பிடுறான்."

அந்தப் பேச்சிலேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் அவன் நம்பிக்கைக் கணக்கில் இருந்தவன்.

தலைமையகம் ஏழு மாடிக் கட்டடம். வாசலில் இரண்டு கதவு. ஒன்றின் மேல் "புதிய பதிப்பை ஏற்பவர்கள்" என்று எழுதியிருந்தது. இன்னொன்றின் மேல் "புதிய பதிப்பை விரைவில் ஏற்கப் போகிறவர்கள்."

"ஏம்மா, ஏத்துக்காதவன் எந்தப் பக்கம் போறது?" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

"ரெண்டாவது கதவுங்க ஐயா."

"அது விரைவில்னு போட்டிருக்கே."

"விரைவில்னா எப்பன்னு நாங்க எங்கேயும் போடலையே ஐயா. அது உங்க சுதந்திரம்."

இரண்டாவது கதவு வழியாகப் போனேன். உள்ளே போனால் முதல் கதவும் அதே கூடத்துக்குத்தான் வந்தது. சட்டையில் "பழையவர்" என்று ஒரு அட்டையைக் குத்திவிட்டார்கள். மருந்துக்கடைக்காரர் ஊக்கு துருப்பிடித்ததா என்று பார்த்துவிட்டுத்தான் குத்தவிட்டார்.

மேடையில் பதிப்பு மேலாளர் பேசினார். என் செருப்பைவிட வயது குறைந்த பையன்.

"அன்பான பழையவர்களே! இந்தப் பதிப்பை உங்களுக்காகவே உருவாக்கினோம். உங்களுக்குப் பிடிக்காது என்பது முதல் நாளே தெரியும். தெரிந்தும் உருவாக்கினோம் என்றால், உங்கள் மீது எங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும்!" கைதட்டல். ஊழியர்கள்தான் தட்டினார்கள். "முதல் பதிப்பில் என்ன குறை என்று ஆழமாக ஆராய்ந்தோம். அதன் மிகப் பெரிய குறை, அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது என்பதுதான். அந்தக் குறையை இந்தப் பதிப்பில் முழுமையாக நீக்கிவிட்டோம்."

எனக்குப் பக்கத்தில் தையல்காரம்மா, "உண்மையைச் சொல்றான் பாருண்ணே, பாவம்," என்றார்.

"மூன்றாம் பதிப்பில் யாரும் சாகமாட்டார்கள். யாரும் தோற்கமாட்டார்கள். தோல்வி என்ற சொல்லையே எடுத்துவிட்டுத் 'தாமதமான வெற்றி' என்று வைத்திருக்கிறோம். ஆட்டக்காரர் மனம் புண்படுவது இனி விதிமீறல்."

மருந்துக்கடைக்காரர் கையைத் தூக்கினார். "அப்ப பகடை எதுக்குங்க?"

"அருமையான கேள்வி! பகடை என்பது ஓர் உணர்வு," என்று சொல்லிவிட்டு மேலாளர் தண்ணீர் குடித்தார்.

ஆட்சேபம் உள்ளவர்களுக்குத் தனி அறை ஒதுக்கியிருந்தார்கள். மெத்து மெத்தென்று நாற்காலி. எதிரில் டை கட்டிய ஒருத்தர். நான் பேசினேன். பகடையைப் பற்றி, மேசையைப் பற்றி, சாகாத ஆட்டத்தில் பிழைத்து என்ன பிரயோஜனம் என்பதைப் பற்றி. அவர் தலையாட்டினார். நான் பேச்சை நிறுத்தினேன். அப்போதும் ஆட்டினார்.

"ஏம்பா, இவ்வளவு நேரம் நான் சொன்னது என்னன்னு சொல்லு பாப்போம்."

"அது என் பிரிவு இல்லீங்க ஐயா. நான் ஆட்டுறது மட்டும்தான். கேக்குற பிரிவு மூணாவது மாடி."

"அப்ப அங்க போய்ப் பேசிக்கிறேன்."

"அதுக்கு இன்னும் ஆள் எடுக்கலீங்க."

மூன்றாவது மாடிக்குப் போகிற வழியில் என்னை ஒரு பெண் மடக்கினார். வேட நலப் பிரிவின் அதிகாரியாம். "நீங்கதானே ஒற்றைக்கை ஐயா?" என்றார், சொந்தக்காரி மாதிரி.

"யார் சொன்னா உனக்கு?"

"எங்களுக்கு எல்லாம் தெரியும் ஐயா. உங்க காவலருக்கு ஒரு கை பாக்கி இருக்கு. வாங்க, இன்னிக்கே குடுத்துடுறோம்."

"பாக்கி இல்லம்மா. போயிடுச்சு. முறையாப் போச்சு."

"மூணாம் பதிப்புல யாருக்கும் எதுவும் போகாது ஐயா."

அவரவர் வேடத்தின் விவரம் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொல்லியிருந்ததால் என் காவலன் சட்டைப்பையில் நாலாக மடிந்து இருந்தான். நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெண் அதை வாங்கிப் பிரித்துவிட்டார். கை படம் போட்ட ரப்பர் முத்திரை ஒன்றை எடுத்து மையில் ஒற்றி, இடது தோளில் சப்பென்று குத்தினார். சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருத்தன், "சிரிங்க ஐயா," என்று படம் எடுத்தான். நான் சிரிக்கவில்லை.

தாளை வாங்கிப் பார்த்தேன்.

"ஏம்மா, இது வலது கை."

"ஆமாங்க."

"போனது இடது."

"வலது கை முத்திரைதான் வந்திருக்கு ஐயா. இடது கை அடுத்த பதிப்புல வரும்." பிறகு ஆறுதலாக, "ரெண்டுமே வலது கைன்னா திறமை கூடத்தானே ஐயா?"

கட்டைவிரல் இரண்டும் ஒரே பக்கம் பார்த்தபடி என் காவலன் நின்றான். ஏதோ இரண்டு பேருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கை காட்டுகிறவன் மாதிரி. டெப்போவில் டயர் மாட்டியே காலத்தைக் கழித்தவன் நான். சக்கரத்தை மாற்றி மாட்டினால் வண்டி ஓடாது என்பதாவது எங்கள் மேஸ்திரிக்குத் தெரியும்.

கீழே வந்து மச்சினனைத் தேடினேன். அவன் மேலாளரின் அறையிலிருந்து வெளியே வந்தான். அவன் வரும்போது உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றிருந்தார்கள். "பாத்ரூம் கேட்டுப் போனேன் மாமா," என்றான். பாத்ரூம் கேட்டவனுக்கு யார் எழுந்து நிற்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அழித்துவிட்டேன். அவன் தரையில் படுத்தவன்.

அடுத்த மாதம் ரோட்டைக் கடக்க நின்றபோது ஒரு பேருந்து என்னைத் தாண்டிப் போனது. அதன் முதுகு முழுக்க என் முகம். எனக்கு முன்பல் இரண்டு கிடையாது. படத்தில் முழு வரிசையும் இருந்தது. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் என் காவலன், இரண்டு வலது கையோடு, அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில்: "பழையவரே மாறிவிட்டார். நீங்கள்?" அதற்கும் கீழே, வெளியீட்டு விழாவின் நாளும் இடமும்.

வீட்டில் சொன்னேன். என் பெண்டாட்டி வாசலுக்கு வந்து நின்று அடுத்த பேருந்து வரும்வரை காத்திருந்து பார்த்தாள்.

"பல்லு எடுப்பா இருக்கு. இதே மாதிரி கட்டிக்கிட்டா என்னவாம்?"

"காவலனைப் பத்தி இவங்களுக்கு யாருடி சொன்னது? அந்த மேசையில இருக்கிறதே நாலு பேரு."

அவள் உள்ளே திரும்பினாள். தம்பி விஷயத்தில் அவள் சட்டென்று வாயை மூடினால் எனக்கு அர்த்தம் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து, "அவன் புதுச் சட்டை வாங்கினான்," என்று மட்டும் சொன்னாள்.

வெளியீட்டு விழாவுக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மேடையில் மேலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் புதுச் சட்டையோடு மச்சினன். குறுக்கே ஒரு பட்டை: "மூத்த மேசைத் தூதர்." மைக்கைப் பிடித்தான். வாசல் சங்கிலி, மிருகம், பெடலுக்கு அடியில் போன பகடை, டார்ச் எல்லாம் சொன்னான். எங்கள் மேசையில் நடத்துவது மாதிரியே, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரலை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிச் சொன்னான். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. எனக்கே ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது.

பிறகு சொன்னான். "அன்னிக்கு நான் ஒண்ணுன்னு படிச்சேன். இப்ப யோசிச்சா, ஒன்பதுன்னு படிச்சிருக்கலாம். பாத்தது நான் மட்டும்தானே? ஒரு பெரியவர் மனசு புண்படாம இருந்திருக்கும். அந்தத் தப்பை மூணாம் பதிப்பு சரிபண்ணிடுச்சு. எங்க மேசை இதை ஏகமனதா ஏத்துக்கிட்டது. முதல் கையெழுத்து என் மாமாவுடையது."

கூட்டம் எழுந்து நின்று தட்டியது.

மேலாளர் மைக்கை வாங்கினார். "தூதர் அவர்கள் மேசையிலிருந்து ஒரு அரிய விதியையும் பெற்றோம். விழுந்த பகடை! அதைச் செம்மைப்படுத்தியிருக்கிறோம். விழுந்த பகடையை எடுத்து, ஆட்டக்காரர் மனநிறைவு அடையும்வரை மீண்டும் மீண்டும் உருட்டலாம். இந்த விதியின் முழு உரிமை தலைமையகத்துக்கே. பழைய முறையில் ஆடுகிறவர்கள் முன்அனுமதி பெற வேண்டும்."

"என் கடைக்குள்ள காலைத் தூக்க நான் அனுமதி வாங்கணுமா?" என்று தையல்காரம்மா சத்தமாகவே கேட்டார். எங்கள் வரிசைக்கு ஒரு தலையாட்டி அனுப்பப்பட்டார். வந்து நின்று ஆட்டினார்.

மேடைக்குப் பின்னால் மச்சினனைப் பிடித்தேன்.

"டேய் மாப்ள. ஏகமனதான்னியே, அந்த மனசு யாருதுடா?"

"சத்தம் போடாதீங்க மாமா. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நான் எங்கடா கையெழுத்துப் போட்டேன்?"

"வரவேற்புல அட்டை குத்தினாங்கல்ல, அது வாங்கிக்கிட்டாலே போட்ட மாதிரின்னு அவங்க விதியில இருக்கு." பட்டையை நேராக இழுத்துவிட்டுக்கொண்டான். "மாமா, அந்த ஜன்னல்ல உக்காந்து பாத்தாத் தெரியும். எவனும் என் முகத்தைப் பாத்துப் பேச மாட்டான். கம்பியைப் பாத்துத் திட்டுவான். இங்க நான் உள்ள போனா எழுந்து நிக்கிறாங்க. ஒரு தடவையாவது எழுந்து நிக்கட்டுமே."

"அவங்க எழுந்து நின்னாங்க, சரி. நாங்க வாராவாரம் உனக்காகக் காலைத் தூக்கிட்டு உக்காந்தோமேடா. இந்த முட்டியை வச்சுக்கிட்டு."

யாரோ "தூதர் சார்," என்று கூப்பிட்டார்கள். போனான்.

அடுத்த விடுமுறை மதியம் அவன் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். பட்டை இல்லை. கக்கத்தில் பளபளவென்று மூன்றாம் பதிப்பு. அதை வெட்டும் மேசையில் வைத்தான். மேசை சரிவில் அது மெல்ல நழுவி என் பக்கம் வந்து நின்றது. நான் தொடவில்லை.

"கோபம் இருக்கும். திட்டுங்க," என்றான். "ஆனா ஒரு தடவை ஆடிப் பாருங்க. பிடிக்கலைன்னா விட்டுடலாம்."

"பிடிக்கலைன்னா தாமதமாப் பிடிச்சிருக்குன்னு போடுவாங்க," என்றார் மருந்துக்கடைக்காரர்.

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "எதுக்கு வளவளன்னு பேச்சு? வாசல்ல காவலன் நிக்கிறான். இந்தப் புத்தகம் உள்ள வரணும்னா அவனைத் தாண்டி வரட்டும். தம்பி, நீ உருட்டு. பத்துக்கு மேல விழுந்தா நாங்க மூணு பேரும் புதுசுக்கு மாறிடுறோம். பத்தோ அதுக்குக் குறைவாவோ வந்தா அது வெளியவே நிக்கட்டும்."

"பழைய முறையில," என்றேன்.

"பழைய முறையிலதான்," என்றான் மச்சினன். அவன் முகம் ஜன்னல் இல்லாத பழைய முகமாக ஆனது. சொன்னால் வெட்கம்: பகடை எப்படி விழுந்தாலும் சரி, அவன் வாயால் அதைப் படிக்கக் கேட்டால் போதும் என்று இருந்தது. இருபது என்று உண்மையாகப் படித்தால், இரண்டு வலது கையோடு காலம் தள்ளவும் நான் தயார்.

வாசல் காவலனின் குரலில் கேட்டேன். "யார் அங்க?"

"தெரிஞ்சவன்தான்," என்றான் மச்சினன். உருட்டினான்.

பகடை சாக்பீஸ் கோட்டைத் தாண்டியது, ஊக்கு டப்பாவில் இடித்துத் திரும்பியது, விளிம்பில் ஒரு நொடி யோசித்தது, விழுந்தது. டக், டக், டக் என்று ஓடி, அதே பெடலுக்கு அடியில் போய் அடங்கியது.

மூன்று பேரும் காலைத் தூக்கினோம். மருந்துக்கடைக்காரரின் முட்டி சொடக்குப் போட்டது. தையல்காரம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

மச்சினன் நாற்காலியிலிருந்து இறங்கினான். மண்டி போட்டான். படுத்தான். புதுச் சட்டையில் நூல் துண்டு ஒட்டியது. பெடலுக்கு அடியில் கையை விட்டான்.

கையை விட்டான் என்றேன், கவனித்தீர்களா? கண்ணை அல்ல.

எடுத்துக்கொண்டு எழுந்தான். உள்ளங்கையில் பகடையைக் குலுக்கியபடி, ரொம்ப இயல்பாக, "இது சரியா விழல, இன்னொரு தடவை..." என்று ஆரம்பித்தவன், எங்கள் கால்களைப் பார்த்தான். ஆறு காலும் அந்தரத்தில் இருந்தன.

குலுக்கிய கை நின்றது. விரல்களைப் பிரித்துப் பார்த்தான். பகடை அங்கேதான் இருந்தது. எண் இல்லை. அது தரையில் இருந்தது, இப்போது எங்கேயும் இல்லை.

"மாமா, பழக்கத்துல..." என்றான்.

தலைமையகத்து மேசையில் ஒரு மாதம் ஆடிய பழக்கம். நான் அவனைத் திட்டவில்லை. பகடையை மெஷின் மேல் வைத்துவிட்டு, மேசையிலிருந்த புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் வெளியே போனான். கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

பிறகு தையல்காரம்மா மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, காலை இறக்கலாமா?"

எண்ணை யாரும் படிக்கவில்லையே. நான் என்னவென்று சொல்வது? மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.